முகத்தைத் துலக்கலாம், மாற்றலாமா?

ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது எது? சுவரில் மாட்டியிருக்கும் படம்தான். தாத்தா படம், பாட்டி படம். கண்ணாடி மேல் சந்தனப் பொட்டு. சுற்றிலும் ஒரு மாலை. பக்கத்தில் சின்ன விளக்கு.

மாடி வீட்டிலும் அந்தப் படம் உண்டு. ஓட்டு வீட்டிலும் உண்டு. பேரன் பேத்திகள் அதைப் பார்த்துத்தான் "இதுதான் எங்கள் பாட்டி" என்று தெரிந்துகொள்கிறார்கள்.

அப்படியானால், படத்தில் இருப்பது பாட்டியின் முகமாகவே இருக்க வேண்டாமா? 'இது என்ன கேள்வி?' என்று நினைக்கலாம். ஆனால், கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது!

ஒரே ஒரு படம்

தாம்பரத்துக்குத் தென்மேற்கே, வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் இருக்கிறது படப்பை. வயலும் ஏரியுமாக இருந்த பகுதி. இன்று பக்கத்து ஒரகடத்தில் கார் தொழிற்சாலைகள். சாலையில் ஓயாத லாரிகள்.

இப்படிப்பட்ட ஊர்களில் போட்டோ ஸ்டூடியோவுக்கு இரண்டு விதமான ஆட்கள் வருகிறார்கள். ஒருவர் வேலைக்கு மனுப் போடப் படம் எடுக்க வருகிறார். இன்னொருவர் அழுத கண்ணோடு வருகிறார். கையில் ஒரு வாக்காளர் அட்டை.

"அம்மா தவறிட்டாங்க அண்ணே. வேறே படமே இல்லை. இதைப் பெரிசாக்கிக் கொடுங்க" என்கிறார். பதினாறாம் நாள் படத்திறப்பு. அதற்குள் வேண்டும்.

வாக்காளர் அடையாள அட்டைத் திட்டம் 1993-ல் வந்தது. ஸ்டூடியோ வாசலையே மிதிக்காத தாய்மார்கள் பலர், அந்த அட்டைக்காகத்தான் காமிரா முன்னால் உட்கார்ந்தார்கள். அவசரத்தில் எடுத்த படம். சின்னஞ்சிறு படம். சிலருக்கு வாழ்நாளில் அது ஒன்றுதான் படம்!

அதைப் பெரிசாக்கினால் முகம் மங்குகிறது. கண் கலங்கித் தெரிகிறது. "கொஞ்சம் ஷார்ப் பண்ணிக் கொடுங்க" என்று கேட்கிறார்கள்.

அந்த 'ஷார்ப்' என்பது என்ன?

பென்சில் காலம்

படத்தைத் திருத்துவது புதிய வேலை அல்ல. புகைப்படக் கலை 1839-ல் பிரான்சில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 16 ஆண்டுதான் சென்றது. 1855-ல் பாரிஸ் கண்காட்சியில், ஜெர்மனியைச் சேர்ந்த ஹான்ப்ஸ்டெங்கல் என்பவர் ஒரே படத்தை இரண்டு விதமாக வைத்தார். ஒன்று, எடுத்தது எடுத்தபடி. மற்றொன்று, நெகட்டிவில் கைவேலை செய்தது.

நம் நாட்டு ஸ்டூடியோக்களிலும் அந்தக் கைவேலை நடந்தது. சாய்வான மேஜையில் நெகட்டிவை வைப்பார்கள். அடியிலிருந்து வெளிச்சம் வரும். ஊசிபோல் சீவிய பென்சிலால், புள்ளி புள்ளியாகத் தொடுவார்கள். நெகட்டிவில் கறுப்பு வைத்தால் பிரிண்டில் வெளுப்பு விழும். நெற்றிச் சுருக்கம் குறையும். கண்ணுக்குக் கீழே உள்ள கருமை மறையும். இதற்கு 'டச்சிங்' என்று பெயர்.

கை தேர்ந்தவர் கொஞ்சமாகத்தான் தொடுவார். அதிகம் தொட்டால் முகம் மெழுகுப் பொம்மை ஆகிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

அந்தப் பழைய படங்களுக்கு இன்று பெரிய மதிப்பு. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பிடித்துப் பதிவு செய்திருக்கிறது. வீட்டுப் படம் நாட்டுச் சரித்திரமும் ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

முள்ளை முள்ளால்...

மங்கிய படத்தைத் தெளிவாக்க 1930-களில் ஜெர்மனியில் ஒரு வழி கண்டார்கள். நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே மங்கலாக ஒரு பிரதி எடுப்பார்கள். அதையும் நெகட்டிவையும் ஒன்றாகச் சேர்த்துப் பிரிண்ட் போடுவார்கள். விளிம்புகள் எடுப்பாகத் தெரியும். மங்கலைக் கொண்டே மங்கலைப் போக்கினார்கள். முள்ளை முள்ளால் எடுப்பது போல!

1990-ல் போட்டோஷாப் விற்பனைக்கு வந்தது. இருட்டறையில் மணிக்கணக்கில் செய்த வேலை, கம்ப்யூட்டரில் நொடியில் முடிகிறது.

கம்ப்யூட்டர் செய்வது இதுதான்: கறுத்த முடி முடிந்து நெற்றி தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும். கறுப்புப் பக்கத்தை இன்னும் கறுப்பாக்கும். வெளுத்த பக்கத்தை இன்னும் வெளுப்பாக்கும். முடி தனியே எடுத்துத் தெரியும். ஆனால், இல்லாத முடி ஒன்றுகூடப் புதிதாக முளைக்காது!

குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிறோம். பித்தளை பளபளக்கிறது, பொன் ஆகிவிடுவதில்லை. அளவுக்கு மீறித் தேய்த்தால் பூ வேலை அழிந்துவிடும். ஷார்ப் செய்வதும் அப்படித்தான்.

கண், புருவம், உதடு, தலைமுடி, சேலைக் கரை - இங்கெல்லாம் கொஞ்சம் கூட்டலாம். கன்னத்திலும் நெற்றியிலும் கூட்டினால் தோல் சொரசொரப்பாகிவிடும். தலையைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுந்தால், அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். முதலில் படத்தின் அளவை முடிவு செய்ய வேண்டும். ஷார்ப் செய்வது கடைசி வேலை.

புள்ளிக் கணக்கு

இதுவரை வந்தது துலக்கும் வேலை. ஆபத்து இனிமேல்தான் வருகிறது. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

பாஸ்போர்ட் அளவுப் படம் 35 மில்லி மீட்டர் அகலம்; 45 மில்லி மீட்டர் உயரம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால், படம் முழுவதிலும் சுமார் 2 லட்சத்து 19 ஆயிரம் புள்ளிகள். சுவரில் மாட்டும் படம் 12 அங்குலத்துக்கு 18 அங்குலம். அதே நெருக்கத்தில் அச்சிட 1 கோடியே 94 லட்சத்து 40 ஆயிரம் புள்ளிகள் வேண்டும்.

அதாவது, 100 புள்ளிகளில் ஏறக்குறைய ஒன்றுதான் அம்மாவின் படத்திலிருந்து வருகிறது. மற்ற 99-ம் இயந்திரம் இட்டு நிரப்பியவை!

பழைய முறையில், பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து நடுவில் நிரப்பும். அதனால் படம் மங்கும். ஆனால் அது நேர்மையான மங்கல். 'எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்' என்று படமே சொல்லிவிடும்.

இப்போது செல்போனிலேயே செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. அது ஆயிரமாயிரம் முகங்களைப் பார்த்துப் பழகியது. மங்கிய இடத்தில், தான் பழகியபடி ஒரு கண்ணை வரைந்து வைக்கிறது. இமை இருக்கிறது. கண்ணில் ஒளி இருக்கிறது. எல்லாம் இருக்கிறது. ஆனால், அது அம்மாவின் கண் அல்ல!

2020-ல் அமெரிக்காவில் இது சந்தி சிரித்தது. ட்யூக் பல்கலைக்கழகத்தார் செய்த கருவி ஒன்று. அதனிடம் ஒபாமாவின் மங்கிய படத்தைக் கொடுத்தார்கள். தெளிவான படம் வந்தது. ஆனால், வந்தது ஒரு வெள்ளைக்காரர் முகம்! அந்த நாட்டின் ஜனாதிபதியாகவே இருந்தவர் ஒபாமா. உலகமே அறிந்த முகம். அதனால் தவறு உடனே தெரிந்தது.

நம் பாட்டியின் முகம் யாருக்குத் தெரியும்? பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்கள் காலத்துக்குப் பிறகு? சுவரில் இருக்கும் அந்நிய முகமே பாட்டியின் முகம் ஆகிவிடும்!

தழும்பும் முகம்தான்

இந்தியாவில் பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று 1977-ல் அறிவித்தார்கள். அதற்கு முன் அந்த நோயோடு போராடிப் பிழைத்தவர்கள் பலருக்கு முகத்தில் தழும்பு உண்டு. உயிர் மீண்டதற்கு அதுவே அத்தாட்சி. ஆனால், இயந்திரத்துக்குத் தழும்பும் ஒன்றுதான், தூசியும் ஒன்றுதான். துடைத்துவிடுகிறது. மச்சத்தையும் மூக்குத்தியையும் கூட விட்டுவைப்பதில்லை.

நாமும் சும்மா இருக்கிறோமா? "கொஞ்சம் சிவப்பாக்கிக் கொடுங்க" என்கிறோம். வெயிலில் நாற்று நட்டு நம்மை வளர்த்த முகம் அது. அந்தக் கறுப்பில் என்ன குறை கண்டோம்?

பாஸ்போர்ட்டுக்குக் கொடுக்கும் படத்தில் முகத்தைத் திருத்தக்கூடாது என்று விதி இருக்கிறது. அரசாங்கக் காகிதத்துக்கே அவ்வளவு கண்டிப்பு! பெற்றவள் படத்துக்கு வேண்டாமா?

என்ன செய்யலாம்?

ஸ்டூடியோ நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. சின்னப் படத்தை மிகவும் பெரிசாக்காதீர்கள். முகத்தை அளவாக வைத்துச் சுற்றிலும் வெள்ளை இடம் விட்டுச் சட்டம் போட்டால் அதுவும் அழகுதான். புதுக் கருவியால் முகத்தைச் செப்பனிட்டால், அதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். இறந்தவரை நன்றாக அறிந்த ஒருவர் பார்த்து, "ஆமாம், இது அவர்தான்" என்ற பிறகே அச்சிடுங்கள்.

குடும்பத்தாருக்கு: வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் கொடுக்காதீர்கள். அங்கே அனுப்பும்போதே படம் சுருங்கிவிடுகிறது. அசல் படத்தையே கொண்டுபோய் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அசலை மறக்காமல் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். திருத்திய படம் கெட்டால் மறுபடி செய்யலாம். அசல் போனால் போனதுதான்!

எல்லாவற்றையும் விட முக்கியம் ஒன்று. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே ஒரு நல்ல படம் எடுத்துவிடுங்கள். "என்னை எதுக்குடா எடுக்கிறே?" என்பார்கள். விடாதீர்கள். காலை வேளையில் திண்ணையிலோ ஜன்னல் ஓரத்திலோ உட்கார வையுங்கள். நான்கைந்து அடி தள்ளி நின்று, அவர்கள் கண் மட்டத்துக்குச் செல்போனைப் பிடியுங்கள். அழகுபடுத்தும் கருவியை நிறுத்திவிடுங்கள். பேச்சுக் கொடுங்கள், அவர்கள் சிரிக்கும்போது எடுங்கள். பிரிண்ட் போட்டு, பின்பக்கம் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள்.

அந்தப் படத்துக்கு ஷார்ப்பும் வேண்டாம், டச்சிங்கும் வேண்டாம்.   இன்றே எடுங்கள்!