உறங்கிய மடிக்கணனியும் விழிக்காத திரையும்

லினக்ஸ் பாவனையாளர்களிடம் நான் அதிகம் கேட்கும் முறைப்பாடு இதுதான்: மூடியைச் சாத்தி உறங்கவைத்த மடிக்கணனியைத் திறந்தால் விசிறி சுழல்கிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கிறது. அடுத்த வசனமும் அநேகமாக ஒன்றாகவே இருக்கும்: "இலவசமாகக் கிடைப்பது வேறெப்படி இருக்கும்?" இந்த இரண்டாவது வசனத்தோடுதான் எனக்குப் பிணக்கு.

எஸ்3 எனப்படும் பழைய உறக்க முறையில் நினைவகத்துக்கு மாத்திரமே மின்சாரம் விட்டுவைக்கப்படுகிறது. வரைகலைச் சில்லு தான் செய்துகொண்டிருந்த அனைத்தையும் மறந்துவிடுகிறது. விழிக்கும்போது திரையின் அளவு, கடிகார வேகம், பின்னொளி யாவற்றையும் ட்ரைவர் அதற்கு மீண்டும் சொல்லிக்கொடுக்க வேண்டும். 2009 இல் இன்டெல் சில்லுகளுக்கு இந்தப் பொறுப்பு லினக்ஸ் கேர்னலுக்குள் வந்து சேரும்வரை, உற்பத்தியாளரின் வீடியோ பயோஸை மறுபடி ஓட்டிப் பார்ப்பது போன்ற மாந்திரீகங்களையே பலரும் நம்பியிருந்தனர். புதிய மடிக்கணனிகள் பலவற்றில் எஸ்3 கிடையாது; ஒவ்வொரு பாகத்தையும் அதனதன் ட்ரைவரே தணித்து வைக்கும் இலேசான உறக்கம் மட்டுமே உண்டு. பழுதுகளும் அதற்கேற்பப் புதியவை.

இவ்வாறிருக்க, சில்லுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதை அதைச் செய்தவர் வெளியிடாவிட்டால் ட்ரைவர் எழுதுபவர் என்ன செய்வார்? இன்டெல் தனது ட்ரைவரைத் திறந்த மூலமாகவே எழுதுகிறது. ஏஎம்டி 2007 இல் தன் வரைகலைச் சில்லுகளின் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. என்விடியா நெடுங்காலம் கதவைச் சாத்தியே வைத்திருந்தது. நூவோ என்ற ட்ரைவரை உருவாக்கியவர்கள், மூடிய ட்ரைவர் சில்லுடன் பேசுவதை ஒட்டுக்கேட்டு, அந்த மொழியை ஊகித்தே எழுதினர். 2012 இல் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் அந்நிறுவனத்துக்குக் கமராவின் முன் விரல் காட்டியது நாகரிகமல்ல. எனினும் காரணமில்லாமலும் அல்ல. 2014 இல் வந்த இரண்டாம் தலைமுறை மெக்ஸ்வெல் சில்லுகளில், நிறுவனம் கையொப்பமிட்ட நிலைபொருளை மட்டுமே ஏற்கும் பூட்டும் சேர்ந்துகொண்டது. 2022 மே மாதத்திலேயே என்விடியா தன் ட்ரைவரின் கேர்னல் பகுதியைத் திறந்தது. சில்லுக்குள் ஓடும் நிலைபொருள் மூடியபடியே இருக்கிறது. ஆவணம் மறுக்கப்பட்ட நிருபரிடம் முழுச் செய்தி எங்கே என்று அதட்டும் ஆசிரியர்களை நான் கண்டிருக்கிறேன்.

அதற்காகத் திறந்த மூலக்காரரை முற்றாக விடுவிக்கவும் நான் ஆயத்தமில்லை. ஆவணங்கள் உள்ள இன்டெல், ஏஎம்டி சில்லுகளிலும், ஒரு கேர்னல் பதிப்பில் ஒழுங்காக விழித்த திரை அடுத்த பதிப்பில் விழிக்காமல் போவதுண்டு. அது அவர்களுடைய தவறேதான். ஆனால் அந்தத் தவறைத் தடயத்தோடு பிடிக்க நம்மால் முடியும்.

முதலில், எடுத்த எடுப்பிலேயே மின் பொத்தானை அழுத்திப் பிடிக்காதீர்கள். சேமிக்காத கட்டுரை அதோடு போய்விடும். கெப்ஸ் லொக் விசையைத் தட்டுங்கள். அதன் சிறுவிளக்கு எரிந்து அணைந்தால் கணனி உயிருடன் இருக்கிறது, திரை மட்டுமே செத்திருக்கிறது. அசையாவிட்டால் கணனியே உறைந்திருக்கலாம். வரைகலை ட்ரைவர் நிரபராதியாகவும் இருக்கலாம். டோர்ச் லைட்டைச் சரிவாகப் பிடித்துப் பாருங்கள். பின்னொளியுள்ள சாதாரணத் திரையில் எழுத்துக்கள் மங்கலாகத் தெரிந்தால் கோளாறு பின்னொளியில். கொன்ட்ரோல், ஓல்ட் விசைகளோடு எஃப்3 ஐ அழுத்தி எழுத்து முனையத்துக்குப் போனால், ட்ரைவர் திரையைப் புதிதாக அமைப்பதால் சிலவேளை படம் திரும்பிவிடும். முன்கூட்டியே எஸ்எஸ்எச் வசதி செய்திருந்தால், வேறொரு கணனியிலிருந்து உள்நுழைந்து கேர்னலின் பதிவேட்டை அப்போதே வாசிக்கலாம். எதுவும் சரிவராதபோது கிரப் பட்டியலில் முந்தைய கேர்னலைத் தெரிவுசெய்து தொடக்கி, மறுபடி உறங்கவைத்துப் பாருங்கள். பழையது விழித்துப் புதியது விழிக்காவிட்டால் பாதி வழக்கு முடிந்தது.

மீதிப் பாதி முறைப்பாடு எழுதுவதில் இருக்கிறது. "திரை வரவில்லை" என்று மட்டும் எழுதுவது "நகரில் ஏதோ நடந்தது" என்று செய்தி அனுப்புவதைப் போன்றது. எந்த மடிக்கணனி, எந்தச் சில்லு, எந்தப் பதிப்பு வேலை செய்தது, எது செய்யவில்லை என்பவற்றைப் பதிவேட்டுடன் சேர்த்து அனுப்புங்கள். முன்னர் இயங்கியதைப் புதிய பதிப்பு குழப்பக்கூடாது என்பது லினக்ஸ் கேர்னல் எழுதுவோரின் பழைய விதி. அந்த இரு பதிப்பு எண்கள் கிடைத்துவிட்டால், இடையிலுள்ள மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிக்கலாம். பத்தாயிரம் மாற்றங்கள் இருந்தாலும், குற்றவாளியான ஒன்றைப் பிடிக்க ஏறக்குறைய 14 சோதனைகள் போதும்.