போஸ்டர் கிழிந்த பிறகு கிளையில் என்ன மிச்சம்?



உங்கள் தெருவில் ஒரு பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை திடீரென நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்? நம் தோழர் வீட்டுக் கதவை என்றால் அங்கே கிளை இருக்கிறது. வேறு யாரோ ஒரு புரோக்கர் வீட்டை என்றால், நம்மிடம் இருப்பது ஒரு பேனரும் ஒரு வாட்ஸ்அப் குழுவும்தான். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

ஆர்ப்பாட்டம் அன்றைக்கு ஐம்பது பேர் வருகிறார்கள். போட்டோ எடுத்தாச்சு, பேஜ்ல போட்டாச்சு, லைக்கும் வந்தாச்சு. அடுத்த வாரம் அதே கோரிக்கையோடு அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போகும்போது கூட வர மூணு பேர் இல்லை. 2017 ஜனவரியில் மெரினாவில் லட்சக்கணக்கான இளைஞர்கள் கூடினார்கள். ஜல்லிக்கட்டுக்குச் சட்டமே வந்தது. அந்தக் கூட்டத்தின் பலத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அன்று பக்கத்தில் உட்கார்ந்து சோறு பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த மாதம் தங்கள் ஊரில் ஒரு குழுவாகக் கூடினார்கள்? கூட்டத்தைச் சேர்க்க இப்போது ஒரு செல்போன் போதும். கலைந்து போனவர்களைத் திரும்ப உட்கார வைக்கத்தான் ஆள் வேண்டும்.

ராஜஸ்தானில் இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1987-ல் அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் தேவ்துங்ரி என்ற சின்னக் கிராமத்தில் ஒரு மண் வீட்டில் குடியேறினார்கள். வறட்சி நிவாரண வேலை செய்த மக்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி வரவில்லை. கேட்டால், "நீ செஞ்ச வேலைக்கு இவ்வளவுதான், ரெக்கார்டுல அப்படித்தான் இருக்கு" என்று பதில். சரி, அந்த ரெக்கார்டைக் காட்டு என்று மக்கள் கேட்டார்கள். மொத்தப் போராட்டமும் அந்த ஒரு கேள்வியிலிருந்து வளர்ந்ததுதான். 1990 மே 1 அன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு உருவானது.

1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணையை நடத்தினார்கள். ஊர் நடுவே மக்களை உட்கார வைத்து, வருகைப் பதிவேட்டையும் பில்லையும் உரக்க வாசித்தார்கள். அவ்வளவுதான், பெரிய சொற்பொழிவு கிடையாது. வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி, செத்துப் போனவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குப் பணம் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கூலி வாங்கியதாகப் பேர் இருந்தவரே கூட்டத்தில் எழுந்து நின்று "நான் வாங்கலையே" என்றால் அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

1996-ல் பியாவர் நகரத்தில் 40 நாள் தர்ணா. கிராமத்து வீடுகளிலிருந்து தானியம் வந்தது, சந்தை வியாபாரிகள் காய்கறி கொடுத்தார்கள். அமைப்பில் முழுநேரமாக இருந்தவர்களும் குறைந்தபட்சக் கூலி அளவுக்குத்தான் பணம் எடுத்துக்கொண்டார்கள். அங்கே எழுந்த கோரிக்கை நாடு முழுவதும் பரவி, 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்தது. (தமிழ்நாடு 1997-லேயே ஒரு தகவல் சட்டம் போட்டது, இந்திய மாநிலங்களில் அதுதான் முதல். ஆனால் விதிவிலக்குகள் நிறைந்த சட்டம், பெரிதாகப் பயன்படவில்லை.)

இந்த வரலாற்றில் நம் கிளைகளுக்கு வேண்டியது ஒன்றுதான். பிரச்சினை யாருடையதோ அவரையே முன்னால் நிறுத்தினார்கள். நாம் பெரும்பாலும் செய்வது வேறு. "மனுவைக் குடுங்க பாட்டி, நாங்க பாத்துக்கிறோம்" என்று வாங்கிக்கொண்டு போகிறோம். வேலை முடிந்தால் பாட்டி நன்றி சொல்வார், முடியாவிட்டால் திட்டுவார். இரண்டிலும் பாட்டி வெளியே நிற்கிறார். அவரையும், அதே உதவித்தொகை நின்று போன இன்னும் நாலு பேரையும் சேர்த்துக் கூட்டிப் போங்கள். மனுவை அவர்களே நீட்டட்டும், நாம் பக்கத்தில் நிற்போம். ஒருநாள் கூடுதலாக ஆகும்தான். ஆனால் ஐந்து பேருக்கு அந்த அலுவலகத்தின் வாசல் பழகிவிடும். அடுத்த தெருப் பிரச்சினைக்குக் கூப்பிட்டால் அந்த ஐந்து பேர் வருவார்கள். தனியாளாக எல்லா வேலையையும் முடித்துக் கொடுக்கும் கிளைப் பொறுப்பாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கொஞ்ச நாளில் ஊர் அவரையும் புரோக்கராகத்தான் பார்க்கும்.

அப்புறம் நோட்டுப் புத்தகம். செல்போன் குறிப்பு வேண்டாம், போன் மாறினால் போச்சு. அறுபது ரூபாய் நோட்டு ஒன்று வாங்குங்கள். என்ன மனு, எந்தத் தேதி, யாரிடம் கொடுத்தது, ஒப்புகை எண் என்ன, எப்போது மறுபடி போக வேண்டும் - இதை எழுதுங்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு அல்லது பதில் என்று அரசாணையே இருக்கிறது. ஒரு மாதம் கழித்து அந்தச் சீட்டோடு திரும்பப் போய் நிற்கிறவரை அலுவலகம் மறக்காது. நம் மனுக்கள் பெரும்பாலும் செத்துப் போவது முதல் மனுவுக்கும் இரண்டாவது மனுவுக்கும் நடுவில்தான்.

தகவல் உரிமை மனு போடும்போது நம் தோழர்கள் கோபத்தில் கேள்வியாக எழுதிவிடுகிறார்கள். "ஏன் சாலை போடவில்லை? யார் பொறுப்பு?" என்று கேட்டால், விளக்கம் தரச் சட்டத்தில் இடமில்லை என்று ஒரே வரியில் திருப்பி அனுப்புவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். இன்ன தெரு சாலைப் பணிக்கான மதிப்பீடு, வேலை உத்தரவு, எம்-புக், பில் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று எழுதுங்கள். பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தேதியை நோட்டில் குறித்து வைத்தால்தான் இது நடக்கும். தனி ஒருவர் பெயரில் போட்டால் மிரட்டல் வரும் என்ற பயம் இருந்தால், ஒரே விஷயத்துக்கு ஐந்து தோழர்கள் ஐந்து மனு போடுங்கள். வந்த எம்-புக்கையும் ஒரு டேப்பையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தெருவில் இறங்கி, எல்லோர் கண்முன்னாலும் சாலையை அளந்து பாருங்கள். அதுதான் நம் ஊர் மக்கள் விசாரணை. மைக் செட் தேவையில்லை.

ஊராட்சியில் இருப்பவர்களுக்கு வருடத்துக்கு ஆறு கிராம சபைகள் இருக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மூவாயிரத்துக்கு மேல் பத்தாயிரம் வரை மக்கள் தொகை உள்ள ஊராட்சி என்றால் 200 பேர் இருக்க வேண்டும் என்பது கணக்கு. பல ஊர்களில் அந்த 200 பேர் நோட்டில் மட்டும் இருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் வருகைக் கையெழுத்து வாங்குவார்கள். போடுங்கள், தப்பில்லை. ஆனால் தீர்மானப் புத்தகத்தில் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்மானத்தை எழுதி, வாசித்த பிறகு போடுங்கள். பத்துக் கோரிக்கையோடு போகாதீர்கள். ஒன்று, அல்லது இரண்டு. அதற்கு முந்தின வாரம் வீடு வீடாகப் போய் அந்த ஒன்றை மட்டும் பேசுங்கள்.

நகரத்துத் தோழர்களுக்குப் பகுதி சபா இருக்கிறது. நடக்காவிட்டால் நடத்தச் சொல்லிக் கேட்பதே முதல் வேலை.

கூட்ட நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிளைக் கூட்டம் இரவு எட்டு மணிக்கு டீக்கடைப் பக்கம் வைத்துவிட்டு "பெண்கள் வர்றதில்லை தோழர்" என்று மாவட்டக் குழுவில் சொல்கிறோம். எப்படி வருவார்கள்? ஞாயிறு மதியம் மூணு மணிக்கு, ஒரு வீட்டுத் திண்ணையில் வையுங்கள். மகளிர் குழுவில் பத்து வருடமாக வரவு செலவு நோட்டு எழுதிப் பழகிய அக்கா ஒருவர் நிச்சயம் அந்தத் தெருவில் இருப்பார். கிளைப் பொருளாளராக அவரைப் போடுங்கள். மாதம் இருபது ரூபாய் சந்தா, எல்லோரிடமும். தருகிறேன் என்று ஒரே ஆள் ஐந்தாயிரத்தை நீட்டினாலும், சந்தாவை நிறுத்த வேண்டாம். கூட்டம் தொடங்கும்போது கணக்கை வாசித்துவிடுங்கள். ஒருவர் பணத்தில் நடக்கும் கிளையில் அவர் பேச்சை யாரும் மறுக்க மாட்டார்கள். பிறகு கூட்டம் எதற்கு?

புதிதாக வரும் பையனுக்கு முதல் நாளே பொறுப்புப் பட்டம் கொடுத்து, போஸ்டரில் படம் போட்டுவிடுகிறோம். மூன்று மாதத்தில் அவனைக் காணோம். அவனுக்கு முப்பது வீடு கொடுங்கள். அந்த முப்பது வீட்டில் 18 வயதாகிப் பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்குப் படிவம் 6, முகவரி மாறியவர்களுக்குப் படிவம் 8 - இதை முடிக்கட்டும். ஒவ்வொரு வீட்டிலும் அவன் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகட்டும். பொறுப்பு அதற்குப் பிறகு தானாக வரும்.

வாட்ஸ்அப் குழுவை மூட வேண்டாம். குட் மார்னிங் படத்தை மட்டும் நிறுத்துங்கள். கூட்டத் தேதி, மனுவின் நிலை, முடிந்த வேலை, இது மூன்றும் போதும்.

இந்த மாதக் கிளைக் கூட்டத்தில் ஒரே ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுங்கள். மூன்று மாதத்துக்குள் முடிக்கக் கூடியதாக இருக்கட்டும்: எரியாத தெருவிளக்கு, பூட்டிக் கிடக்கும் நூலகம், நின்று போன உதவித்தொகை. யார் யார் பாதிக்கப்பட்டவர்கள், யார் கூட வருகிறார்கள், முதல் மனு எந்தத் தேதி என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, அந்தப் பக்கத்தின் நகலை ஒன்றிய, பகுதிப் பொறுப்பாளர்களிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த மாவட்டக் கூட்டத்தில் உரைகளுக்கு முன்னால் அந்தப் பக்கங்களைத்தான் வாசிக்கப் போகிறோம்.