தராசில் ஏறுவோரும் ஏறாதோரும்

கேமரன் மலையின் தானா ராத்தாவில் பந்தயத் திடல் இல்லை. தேயிலைச் சரிவுகளுக்கிடையே குதிரைக் குளம்பொலி கேட்பதும் இல்லை. ஆயினும், மாலை நேரத்தில் தேநீர்க் கடையில் அமர்ந்து பழங்கதை பேசும் முதியோரிடம் ஈப்போப் பந்தயத்தைப் பற்றி ஒரு சொல் கேட்டால் போதும். மலையிறங்கித் தாப்பா வழியாகச் சென்று, மாதச் சம்பளத்தை ஒரே பிற்பகலில் தொலைத்துத் திரும்பியவர்களின் வரலாறு வரிசையாய் வந்துவிழும். அவ்வரலாறுகள் அனைத்தும் ஒரே வாக்கியத்தில் முடிவடையும்: "குதிரை நல்ல குதிரைதான், ஜாக்கி இழுத்துப் பிடிச்சிட்டான்!"

தோற்றவன் சொல்லும் இந்த ஒரு வாக்கியத்தில் ஒரு தீர்ப்பு அடங்கியிருக்கிறது. குதிரை குற்றமற்றது, குதிரையை வாங்கியவர் குற்றமற்றவர், பயிற்சி அளித்தவர் குற்றமற்றவர், பணம் கட்டியவனும் குற்றமற்றவன். குற்றவாளி ஒருவனே. அவன் ஐம்பது கிலோவுக்குச் சற்று மேற்பட்ட உடலோடு, பட்டியும் இருந்தும் அரைப்பட்டினி கிடந்து, சேணத்தின்மேல் குனிந்து நிற்கும் ஜாக்கி. வியப்பு யாதெனில், தேநீர்க் கடைத் தீர்ப்பும் பந்தய உலகின் அதிகாரபூர்வமான தீர்ப்பும் பல வேளைகளில் ஒன்றாகவே இருக்கின்றன என்பதுதான். இந்த ஒற்றுமை நீதிக்குப் பெருமை தருவதன்று.

ஒழுங்கு நடவடிக்கையே கூடாது என்று வாதிடுவோர் எவரேனும் இருப்பின், அவர் பந்தயத்தை அறியாதவர். ஏறத்தாழ ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரைகள் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நெருங்கி ஓடுகின்றன. ஒருவன் இடைவெளி இல்லாத இடத்தில் குதிரையைத் திருப்பினால், மற்றொருவன் உயிரை இழக்கக்கூடும். குதிரையை முழுத்திறனோடு ஓட விடாமல் தடுப்பது, தானே பணம் கட்டுவது, சூதாடிகளிடம் காசு வாங்கிக்கொண்டு இரகசியம் சொல்வது, அளவுக்கு மீறிச் சவுக்கால் அடிப்பது ஆகியவை பல நாடுகளில் குற்றங்கள். குற்றமாகவே இருத்தலும் வேண்டும். அபராதம், இடைநிறுத்தம், உரிம நீக்கம் என்று தண்டனைகள் படிப்படியாக ஏறுவதும் முறையே. ஓரிடத்தில் நீக்கப்பட்டவனைப் பிற நாட்டுப் பந்தய மன்றங்களும் ஏற்பதில்லை என்னும் வழக்கமும் நியாயமானதே.

இன்னும் ஒரு படி மேலே சென்று, ஜாக்கியின் நேர்மையே பந்தயத்தின் சட்ட உயிர் என்றும் கூறலாம். தமிழகத்தில் 1974இல் குதிரைப் பந்தயச் சூதை ஒழிக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1986இல் சென்னைப் பந்தய மன்றத்தையே அரசு மேற்கொள்ள மற்றொரு சட்டம் வந்தது. வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கே. ஆர். லட்சுமணன் வழக்கு என வழங்கும் அவ்வழக்கில், 1996 சனவரி 12ஆம் நாள் நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். குதிரையின் வமிசம், பயிற்சி, சவாரியாளனின் திறமை ஆகியவற்றால் வெற்றி அமைவதால், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டே அன்றி வெறும் அதிர்ஷ்டச் சூதன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். 1986ஆம் ஆண்டுச் சட்டமும் செல்லாதெனப்பட்டது. இத்தீர்ப்பை ஏற்போரும் ஏற்காதோரும் உளர். ஆயினும் அதிலிருந்து ஒன்று தெளிவாகப் பெறப்படுகிறது: திறமைதான் பந்தயத்தைச் சூதிலிருந்து பிரிக்கிறது என்றால், அத்திறமையை ஒளித்துவைக்கும் ஜாக்கி பந்தயத்தையே சூதாக்கிவிடுகிறான். எனவே அவனைத் தண்டிப்பதில் தவறில்லை.

தவறு வேறிடத்தில் இருக்கிறது. பந்தயத்துக்கு முன்னும் பின்னும் ஜாக்கி தராசில் ஏறுகிறான். அவன் எடையில் குறைவு கண்டால் பரிசே பறிபோகும். ஆனால் அவனை ஏவியவர் எந்தத் தராசில் ஏறுகிறார்?

2019 மே 4ஆம் நாள் அமெரிக்காவின் கெண்டக்கி டெர்பியில் நடந்ததை உலகமே பார்த்தது. மேக்சிமம் செக்யூரிட்டி என்னும் குதிரை முதலாவதாக வந்தது. ஆனால் வளைவில் பிற குதிரைகளின் பாதையில் குறுக்கிட்டது என்று நடுவர்கள் அதன் வெற்றியைப் பறித்தனர். ஓட்ட விதிமீறலுக்காக அப்பந்தயத்தில் முதற்குதிரை வெற்றியை இழந்தது வரலாற்றில் அதுவே முதன்முறை. அதை ஓட்டிய லூயிஸ் சாயெஸ் 15 பந்தய நாள்களுக்கு இடைநிறுத்தம் பெற்றார். உரிமையாளர் நீதிமன்றம் சென்றபோது, வெற்றியைப் பறித்த நடுவர் முடிவு நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டதன்று என்று 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிரித்தது. அதே குதிரையின் பயிற்சியாளர் ஜேசன் சர்விஸ் மீது 2020 மார்ச்சில் ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு எழுந்தது. அவர் பின்னர்க் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2023இல் நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். சேணத்தின் மேலிருந்தவன் செய்த பிழையைக் கண்டறிய நடுவர்களுக்குச் சில நிமிடங்களே போதுமாயிருந்தன. இலாயத்தின் இருட்டில் நடந்த குற்றத்தை வெளிக்கொணர நாட்டின் நடுவண் புலனாய்வுத் துறையே இறங்க வேண்டியதாயிற்று. ஜாக்கியின் குற்றம் ஒளிப்படக் கருவிக்கு முன்னே நிகழ்கிறது. மற்றவர் குற்றம் கதவுக்குப் பின்னே நிகழ்கிறது. கண்ணுக்கு எட்டிய குற்றத்தை மட்டும் தண்டிப்பது எளிது. எளிதானது எல்லாம் நீதியாகிவிடாது.

ஏவுவோர் எவ்வாறு தப்புகின்றனர் என்பதற்கு மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. பிரிட்டனில் ஜிம் பெஸ்ட் என்னும் பயிற்சியாளர், தம் இளம் ஜாக்கியிடம் இரண்டு குதிரைகளை முழுத்திறனோடு ஓட்டாதே என்று கட்டளையிட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். 2016இல் அவருக்கு நான்கு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. ஆனால் தீர்ப்பளித்த குழுவின் தலைவர், குற்றஞ்சாட்டிய பந்தய ஆணையத்துக்கே ஊதியம் பெற்று வேலை செய்தவர் என்பது வெளிப்பட்டது. தீர்ப்பு தள்ளுபடியானது. மறுவிசாரணையில் தடை ஆறு மாதமாகச் சுருங்கியது. வழக்குத் தொடுப்பவரும் தீர்ப்பளிப்பவரும் ஒரே வீட்டில் உண்டால், உண்மைக் குற்றவாளியின் தண்டனைகூட உறுதியாய் நிற்பதில்லை என்பதே இதன் பாடம். அந்தப் பயிற்சியாளருக்கு வழக்கறிஞர் இருந்தார். மேல்முறையீடு செய்ய வசதி இருந்தது. பந்தயம் முடிந்த சில நிமிடங்களில் வியர்வை உலராத உடையோடு நடுவர் அறையில் நிற்கும் பயிற்சிநிலைச் சிறுவனுக்கு யார் இருக்கிறார்? அவனுடைய ஒரே சாட்சி, அவனை ஏவிய அதே பயிற்சியாளர்தாம். அவரைக் காட்டிக்கொடுத்தால் நாளை ஏறக் குதிரை இல்லை. காட்டிக்கொடுக்காவிட்டால் இன்றே தண்டனை.

தண்டனையின் அளவிலும் இதே கோணல்தான். 2011 அக்டோபர் 15ஆம் நாள் இங்கிலாந்தின் ஆஸ்காட் திடலில் கிறிஸ்டோஃப் சூமியோன் என்னும் ஜாக்கி சாம்பியன் பந்தயத்தை வென்றார். அப்பொழுதுதான் நடைமுறைக்கு வந்திருந்த சவுக்கு விதியை அவர் ஓரடியால் மீறினார். அவருக்குரிய 50,000 பவுண்டுக்கு மேற்பட்ட பங்கு பறிக்கப்பட்டது. சவாரித் தடையும் விதிக்கப்பட்டது. ஆனால் அடிபட்டு ஓடிய குதிரையின் வெற்றி நிலைத்தது. உரிமையாளரின் பரிசும் நிலைத்தது. அந்த ஓரடி தவறு என்றால், அதனால் பெற்ற பயன் மட்டும் எவ்வாறு தூயதாகும்? விதி அவ்வளவு பொருந்தாததாய் இருந்ததால் ஒரு வாரத்துக்குள் திருத்தப்பட்டது. 2023இல்தான் பிரிட்டனில், வரம்பை நான்கு அடியோ அதற்கு மேலோ மீறினால் குதிரையே வெற்றியை இழக்கும் என்று விதி செய்யப்பட்டது. நீதி மேல்நோக்கி ஏறப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன.

மறுபுறம், புகழ் பெற்ற ஜாக்கியிடம் சட்டம் குழைந்ததும் உண்டு. ஆஸ்திரேலியாவின் டேமியன் ஆலிவர் 2010இல் தாம் ஓட்டிய பந்தயத்திலேயே, தம் குதிரைக்கு எதிராக மற்றொரு குதிரையின்மேல் 10,000 டாலர் கட்டினார். பந்தய உலகில் இதைவிடப் பெருங்குற்றம் அரிது. செய்தி வெளிவந்த பின்னரும் 2012ஆம் ஆண்டு மெல்பர்ன் கோப்பையில் அவர் சவாரி செய்தார். பின்னர்க் கிடைத்த தடை பத்து மாதம். 2013இல் மெல்பர்ன் கோப்பையை வென்று மாலையிட்டுக்கொண்டார். ஓரடிக்கு ஒரு செல்வம் பறிபோகிறது. துரோகத்துக்குப் பத்து மாதம் போதுமாகிறது. இதை அளந்த கோல் எது?

இனி, குற்றம் நிலைநாட்டப்படும் முன்னரே வயிற்றிலடிக்கும் வழக்கம். புகழ்மிக்க கீரன் ஃபாலன் மீது 2006 சூலையில் பிரிட்டனில் மோசடிக் குற்றம் சாட்டப்பட்டவுடனே, அந்நாட்டில் சவாரி செய்யத் தடை வந்தது. 2007 டிசம்பரில், வழக்குக்கே ஆதாரம் போதாது என்று நீதிபதி அவரை விடுவித்தார். பதினேழு மாதங்கள் கழிந்திருந்தன. உடனே பிரான்சில் போதைப் பொருள் சோதனையில் அவர் சிக்கியிருந்த செய்தி வெளிவந்து, 18 மாதத் தடையும் பெற்றார் என்பது உண்மையே. அவரைத் தூயவர் எனக் காட்டுவது இங்கு நோக்கமன்று. ஒருவன் இரண்டாம் குற்றத்தில் சிக்கினான் என்பதற்காக, முதல் வழக்கில் அவன் இழந்த காலம் நியாயமானதாகிவிடாது.

இவற்றைத் தேயிலை மலையில் வாழும் தமிழர் எதற்காகக் கவனிக்க வேண்டும் என்று வினவலாம். அவர்களுக்கே இது நன்கு விளங்கும் என்பதுதான் விடை. கொழுந்துக் கூடையைத் தராசில் தொங்கவிட்டு, ஈரக் கொழுந்து என்றும் முற்றிய இலை என்றும் எடையைக் கழித்த காலத்தை அவர்களின் பாட்டன் பாட்டியர் அறிவர். கழித்தவரே கணக்கரும் நடுவருமாய் இருந்தார். எதிர்த்துக் கேட்டவருக்கு மறுநாள் வேலை இல்லை. அந்த நிலையை மாற்றியவற்றுள் ஒன்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். அதன் 14ஆம் பிரிவு, முறையான விசாரணைக்குப் பின்னரே தொழிலாளியைத் தண்டிக்கலாம் என்கிறது. சம்பளமின்றி இடைநிறுத்தம் செய்தால் அது இரு வாரத்துக்கு மேற்படக் கூடாது. விசாரணைக்காக ஒதுக்கிவைத்தால் ஒரு வாரத்துக்கு மேற்படக் கூடாது. அக்காலத்திலும் பாதிச் சம்பளமேனும் தர வேண்டும். கொழுந்து கிள்ளும் கைக்குச் சட்டம் கொடுத்த இந்தச் சிறு காப்பு, சவாரிக்குச் சவாரி கூலி பெறும் ஜாக்கிக்கு எட்டுவதில்லை. மாதக்கணக்கில் தடை வந்தால், அத்தனை மாதமும் அவன் வீட்டு உலை எரிவதில்லை.

மறுப்போர் இரு வகையினர். பந்தயத் திடல் நீதிமன்றமன்று. அடுத்த ஓட்டம் அரைமணியில் தொடங்க வேண்டும். விரைந்து முடிவெடுப்பதே வழி என்பர் முதல் வகையினர். ஓட்டத்தின் முடிவை விரைந்து அறிவிக்கட்டும். அதனால் யார் பரிசு பெறுவது என்பது தீரும். ஒரு மனிதனின் பிழைப்பை அரைமணியில் தீர்க்க வேண்டிய கட்டாயம் எங்கிருந்து வந்தது? பந்தயமே தீது, அதை ஒழித்துவிட்டால் வாதமே இல்லை என்பர் இரண்டாம் வகையினர். அவர்கள் கவலை மதிக்கத்தக்கது. சிங்கப்பூரில் 1842இல் தோன்றிய பந்தய மன்றம் 2024 அக்டோபர் 5ஆம் நாளோடு ஓட்டத்தை முடித்துக்கொண்டது. அதே ஆண்டில் உதகைப் பந்தயத் திடலையும் கிண்டித் திடலையும் தமிழக அரசு கைப்பற்றியது. காலம் எத்திசையில் செல்கிறது என்பது தெளிவு. ஆனால் மூடப்படும் நாள் வரை ஓடுகிறவன் மனிதனே. தீய தொழில் என்பதற்காக அதில் உழைப்பவனுக்கு நீதி வேண்டா என்பது, மதுக்கடையில் பாட்டில் கழுவுபவனுக்குக் கூலி வேண்டா என்பதற்கு ஒப்பாகும்.

செய்ய வேண்டுவன அரியவை அல்ல. குற்றஞ்சாட்டுபவரும் தீர்ப்பளிப்பவரும் வேறு வேறானவராய் இருத்தல் வேண்டும். இளம் ஜாக்கி நடுவர்முன் நிற்கும்போது, பயிற்சியாளர் அல்லாத ஒருவர் அவனுக்குத் துணை நிற்றல் வேண்டும். குதிரை இழுத்துப் பிடிக்கப்பட்டது என்று ஐயம் எழுந்தால், விசாரணை சேணத்தோடு நில்லாது இலாயத்துக்கும், பணம் கட்டிய ஏட்டுக்கும், உரிமையாளரின் வாயிலுக்கும் செல்லுதல் வேண்டும். தண்டனையின் காரணம் எழுத்தில் வெளியிடப்பட வேண்டும். விதிமீறலால் பயன் பெற்றவர் எவராயினும், அப்பயனை இழத்தல் வேண்டும்.

வகுப்பறையில் கண்ணாடி உடைந்தால், கல்லை வைத்திருக்கும் சிறுவனை அடித்துவிட்டு அமர்ந்துவிடும் ஆசிரியருக்கு அன்றைய அமைதி கிட்டும். கல்லை எடுத்துக் கொடுத்தவன் யார், எறியச் சொன்னவன் யார் என்று கேட்பவருக்கே வகுப்பு கிட்டும். செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், கொடுங்கோன்மையை அடுத்து வைத்து, அதன்பின் வெருவந்த செய்யாமைக்கும் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். தண்டிக்கும் உரிமை உடையவனுக்கே அச்சுறுத்தாதிருக்கும் கடமையும் உண்டு என்பதை அவ்வரிசையே உணர்த்தும்.

தானா ராத்தாவின் முதியவர் அடுத்த முறை, "ஜாக்கி இழுத்துப் பிடிச்சிட்டான்" என்று சொல்லும்போது, அருகிலிருக்கும் இளைஞன் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "இழுக்கச் சொன்னது யாரு தாத்தா?" அந்தக் கேள்வி நடுவர் அறையிலும் கேட்கப்படும் நாள் வரை, பந்தய உலகின் தராசு எடை பார்க்கும் கருவியே அன்றி, நீதி பார்க்கும் கருவி ஆகாது.