புகையைச் சுவாசித்தவருக்கே முதல் வேலை

தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில், நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து சோடா ஆஷ் தயாரிக்கிறார்கள் என்ற செய்தி 2017-இல் உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடிக்கும் திட்டம் அது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளுக்கும் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துக்கும் இந்தத் தொழில்நுட்பம் வர வேண்டும். வந்தால், இயந்திரத்துக்கு இணையாக முக்கியமானவர், ஆளெடுத்துப் பயிற்சி தரும் மனிதவள அதிகாரி. இந்த முறையில் ஒரு கரைப்பான் புகையிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சும், சூடாக்கினால் விட்டுவிடும். வால்வு, அழுத்தம், வெப்பம் எல்லாம் பாய்லர் ஆபரேட்டருக்குப் பழகியவைதான். அவருக்குப் பயிற்சி கொடுத்தால் வேலை நடக்கும். ஆனால் கரியமில வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பள்ளத்தில் தேங்கி, இறங்குபவரின் உயிரைக் குடிக்கும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்திருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இதை அவர் மொழியிலேயே சொல்லித்தர வேண்டும். ஆளெடுக்கும் நாற்காலியில் அமரப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இத்தனை ஆண்டுகள் இந்த ஆலைகளின் புகையைச் சுவாசித்த மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகளுக்கே முதல் வேலை கொடுங்கள், அதையும் நிரந்தரமாகக் கொடுங்கள்.