ஆசிட் கேனை முதல்ல வெளியே வைங்க

தினமும் விடியறதுக்கு முன்னாடி கட்டுத்தரையை நான்தான் கூட்டுறேன். சாணியை வெறுங்கையில அள்ளி குப்பைமேட்டுல போடுறேன். மூத்திரம் தேங்குன குழியைத் தேய்ச்சுக் கழுவுறேன். அதுல எனக்கு அருவருப்பும் இல்ல, கௌரவக் குறைச்சலும் இல்ல. சாணி நாத்தத்தோட டீக்கடைக்குப் போனாலும் யாரும் மூஞ்சி சுளிக்க மாட்டாங்க.

ஆனா எங்க வீட்டுல கக்கூஸ் கட்டி 22 வருஷம் ஆச்சு. போன மாசி வரைக்கும் ஒரு நாள்கூட நான் அதைக் கழுவுனதில்ல. மாட்டுச் சாணிக்குக் குனிஞ்ச முதுகு, என் வீட்டுக் கக்கூஸுக்குக் குனியலை. இதை எழுதவே வெக்கமா இருக்கு. ஆனா இதைப் படிக்கிற ஆம்பளைங்கள்ல முக்கால்வாசிப் பேர் என் கட்சிதான்னு எனக்குத் தெரியும், அதனால எழுதுறேன்.

மாசியில எங்க ஊர் மாரியாத்தா நோம்பி சாட்டியாச்சு. தங்கச்சி குடும்பம், சம்பந்தி வூட்டுக்காரங்க எல்லாம் வர்றாங்க. வீட்டுக்காரம்மா வெள்ளையடிச்சு, வாசல் மெழுகி, கடைசியா கக்கூஸுக்குப் போனா. போர் தண்ணி உப்பு. பேசின்ல கல்லு மாதிரி வெள்ளையா படிஞ்சு, அது மேல பழுப்பு ஏறிக் கிடந்துச்சு. ஆசிட்டை ஊத்துனா. போகலை. பஞ்சாயத்துல குடுத்த பிளீச்சிங் பவுடர் ஒரு பை இருந்துச்சு, அதையும் மேல அள்ளிப் போட்டுட்டா. சொந்தக்காரங்க வர்ற நேரத்துல நாத்தம் வெளியே வரக்கூடாதுன்னு கதவை வேற சாத்திட்டா.

நான் வேப்பமரத்தடியில கயித்துக்கட்டில்ல பேப்பர் படிச்சுட்டு இருந்தேன். இருமுற சத்தம் கேட்டுச்சு. சளியா இருக்கும்னு நினைச்சேன். அப்புறம் கதவு திறந்துச்சு, அவ தவழ்ந்து வெளியே வந்தா. கண்ணு ரத்தமா செவந்து, மூச்சு இழுக்குது, பேச்சு வரலை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கார்லதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். ராத்திரி முழுக்க ஆக்சிஜன் வெச்சாங்க. காலையில டாக்டர் என்னைத்தான் கேட்டாரு, "ஏனுங்க, ரெண்டையும் கலந்தா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதான் கொடுமை. பத்தாவதுல படிச்சிருக்கேன். பிளீச்சிங் பவுடர்ல ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டா குளோரின் வாயு வரும். மார்க்கு வாங்குனேன், புத்தி வாங்கலை. 1915 ஏப்ரல்ல பெல்ஜியத்துல ஈப்ர்ங்கிற ஊர்ல ஜெர்மன்காரன் எதிரிப் படை மேல சிலிண்டர் சிலிண்டரா திறந்து விட்டானே, அதே வாயு. காத்தை விட கனமானது, மேல ஏறாது, தரையோட தவழும். கக்கூஸைத் தேய்க்கிறவங்க மூஞ்சி எங்க இருக்கும்? தரைக்கு ஒரு முழம் மேல. ஜன்னல்னு பேருக்கு ஒரு ஓட்டை விட்டுக் கட்டுன அறையில, குந்த வெச்சு உக்காந்தவங்க தப்பிக்க வழி ஏது?

இதுல ஆசிட் வண்டிக்காரனை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்ல. டிவிஎஸ் 50ல கேனைக் கட்டிக்கிட்டு "ஆசிட்டே... பினாயிலே..."ன்னு வாரா வாரம் வர்றான். லேபிள் கிடையாது, எத்தனை கெட்டின்னு அவனுக்கும் தெரியாது. நம்ம குடுக்கிற கூல்டிரிங்ஸ் பாட்டில்லயே ஊத்திக் குடுத்துட்டுப் போறான். அந்தப் பாட்டிலைக் குழந்தை எடுத்துக் குடிச்ச கதை நம்ம பக்கத்துல எத்தனை கேட்டிருக்கோம். கடையில விக்கிற பகட்டான பாட்டிலும் பெரும்பாலும் அதே அமிலம்தான், கலர் போட்டு, வாசனை போட்டு, கொஞ்சம் தண்ணியா. டிவி விளம்பரத்துல ஒரு நடிகர் வந்து கதவைத் தட்டுவாரு, பாட்டிலைக் காட்டுவாரு, சிரிப்பாரு. தேய்க்கிறது என்னமோ அந்த வீட்டுப் பொம்பளைதான். வீட்டுக்காரர் பின்னாடி நின்னு ஆச்சரியப்படுவாரு. அவரு நான்தான்னு இப்பத்தான் புரியுது.

என் கட்சி என்னன்னா, ஆசிட்டுங்கிறது அழுக்குக்கு மருந்து இல்ல. வாராவாரம் பண்ண வேண்டிய வேலையை மூணு மாசம் தள்ளிப் போட்டுட்டு, ஒரே நாள்ல முடிக்கப் பாக்குறவன் கண்டுபிடிச்ச குறுக்கு வழி. அந்த வேலையை ஒரே ஒரு ஆள் தலையில கட்டுறதாலதான் அது தள்ளிப் போகுது. அவளுக்கு சமையல் இருக்கு, மாடு இருக்கு, களையெடுப்பு இருக்கு. கக்கூஸ் கடைசியிலதான் வரும்.

"ஆசிட் ஊத்தாம எப்படிய்யா போகும்?"னு எங்க மச்சான் கேட்டாரு. அந்த வெள்ளைக் கறை சுண்ணாம்பு மாதிரி. போர் தண்ணியில இருக்கிற கால்சியம் ஒவ்வொரு தடவையும் துளித் துளியா படிஞ்சு காஞ்சு கல்லாகுது. அந்தக் கல்லு சொரசொரப்பா இருக்கிறதால மூத்திரமும் அழுக்கும் அதுக்குள்ள புகுந்துக்குது. நாத்தம் அங்கிருந்துதான் வருது, பினாயில் ஊத்துனா ரெண்டு மணி நேரம் மறைக்கலாம், அவ்வளவுதான். ஆசிட் பொங்கிக் கரைக்கும், வாஸ்தவம். கூடவே டைல்ஸ் இடுக்குல இருக்கிற சிமெண்டையும் கரைக்கும், குழாய் மேல் பூச்சையும் தின்னும். அப்புறம் அந்த இடுக்குல அழுக்கு முன்னைவிட ஆழமா இறங்கும். போன வருஷத்தைவிட இந்த வருஷம் கறை சீக்கிரம் பிடிக்குதேன்னு நினைக்கிறவங்க இதை யோசிச்சுப் பாருங்க.

நான் பண்ணுனது இதுதான். மளிகைக் கடையில எலுமிச்சை உப்புன்னு கேட்டா குடுப்பாங்க, சிட்ரிக் அமிலம். அதுவும் அமிலம்தான், ஆனா மூக்கை எரிக்கிற புகை வராது. ராத்திரி எல்லாரும் போய்ட்டு வந்த பிறகு, பேசின் குழியில நிக்கிற தண்ணியை பழைய மக்குல மொண்டு எடுத்துட்டேன். தண்ணி நின்னா மருந்து நீர்த்துப் போயிடும். கால் கிலோ எலுமிச்சை உப்பை சுடுதண்ணியில கரைச்சு, பழைய வேட்டித் துணியை அதுல நனைச்சு, கறை மேல ஒட்டி வெச்சேன். காலையில துணியை எடுத்துட்டு பிரஷ் போட்டுத் தேய்ச்சா பாதி வந்துருச்சு. மறுநாளும் அதே மாதிரி. மூணாம் நாள் ராத்திரிக்கு அப்புறம், 22 வருஷத்துக்கு முன்னாடி கொத்தனார் பதிச்சப்ப எப்படி இருந்துச்சோ அந்த வெள்ளை. நேரம் ஆச்சுதான். மஞ்சள் மூணு நாள் வேகாம இருந்தாப் பொறுத்துக்கிறோம், இதுக்குப் பொறுக்க மாட்டோமா?

அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை கால் மணி நேர வேலைதான். சோப்புத்தூளும் பிரஷ்ஷும் போதும். ஆனா பேசின் மட்டும் கழுவிட்டு வந்துடுறோம் பாருங்க, அங்கதான் தப்பு. கால் வைக்கிற மேடை, அதைச் சுத்தி ஒரு முழம் செவுரு, குழாய்த் திருகு, தாழ்ப்பாள், மக்கோட கைப்பிடி, இதெல்லாம் எல்லாரும் கை வைக்கிற இடம். அதுவும் கை கழுவுறதுக்கு முன்னாடி வைக்கிற கை. பக்கெட்டைக் கவுத்து அடியைத் தடவிப் பாருங்க, கொழகொழன்னு இருக்கும். கக்கூஸ் பிரஷ் தனி, பக்கெட் தேய்க்கிற நார் தனி. முடிஞ்சதும் கதவைத் திறந்து போட்டுக் காய விடணும், ஈரம் நின்னாத்தான் பாசி வருது. எங்க ஊர்ல ஒரு பெரியம்மா குளிக்கிற அறைப் பாசியில வழுக்கி இடுப்பெலும்பு ஒடைஞ்சு, படுத்த படுக்கையாவே போய்ச் சேர்ந்தாங்க. பாசிக்கு பிளீச்சிங் பவுடர் நல்லதுதான், ஆனா அதுக்குத் தனி நாள். அன்னிக்கு ஆசிட்டோ, எலுமிச்சை உப்போ, கடை பாட்டிலோ எதுவும் அந்த அறைக்குள்ள வரக்கூடாது. கதவும் ஜன்னலும் திறந்தே இருக்கணும், கடைசியில நாலு பக்கெட் தண்ணி ஊத்தி அலசணும்.

ஊத்துன ஆசிட் எங்க போகுதுன்னு யாராவது யோசிக்கிறோமா? நேரா குழிக்குத்தான். நம்ம மண்ணுல எரு மக்குறது எப்படியோ அப்படித்தான் செப்டிக் டேங்குலயும். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா கோடிக்கணக்குல இருந்து அதைத் தின்னுது. கேன் கேனா ஆசிட்டும் பினாயிலும் ஊத்துனா அதுங்க சாகுது. மக்காத கழிவு அப்படியே நிக்குது, டேங்க் சீக்கிரம் ரொம்புது. உரக்குழியில பூச்சிமருந்து ஊத்துவோமா? ஊத்துறவனைப் பைத்தியக்காரன்னு சொல்ல மாட்டோமா?

2014ல தூய்மை பாரதம் திட்டம் வந்து வீட்டுக்கு 12,000 ரூபாய் குடுத்துக் கட்டுனதுல நிறைய ரெட்டைக் குழிக் கக்கூஸ். ஒரு குழி ரொம்பினதும் அடைச்சுட்டு மறு குழிக்குத் திருப்பி விடணும். மூடுன குழி ரெண்டு வருஷம் சும்மா கிடந்தா நாத்தமில்லாத கறுப்பு மண்ணா மாறிடும். எங்க பங்காளி ஒருத்தர் அதை எடுத்து தென்னைக்குப் போட்டாரு, காப்பி பொடி மாதிரி உதிரியா இருந்துச்சு. மனுசன் அதைத் தொட வேண்டிய அவசியமே இல்லாத ஏற்பாடு அது. அதுலயும் ரெண்டு குழிக்கும் ஒரே நேரத்துல குழாயைச் சேத்து விட்டுட்டுப் போன ஒப்பந்தக்காரங்களை நான் பாத்திருக்கேன், அதைத் தனியா ஒரு நாள் எழுதுறேன்.

டேங்க் ரொம்புனா என்ன பண்றோம்? வண்டி வந்து மேல இருக்கிறதை உறிஞ்சிட்டுப் போகும். அடியில கெட்டியா நிக்கிறதுக்கு "அந்தாளைக் கூப்பிடு"ம்போம். எந்தத் தெருவுல இருந்து எந்தாளைக் கூப்பிடுவோம்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஒரு குவாட்டரும் ஐநூறு ரூபாயும் குடுத்து உள்ளே இறக்குனதை நான் சின்ன வயசுல கண்ணால பாத்திருக்கேன். அப்ப தப்புன்னு தோணலை. உள்ளே மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கும், ரெண்டு மூச்சுல ஆள் சாய்ஞ்சுடுவான், தூக்கப் போறவனும் சாய்வான். 2013 சட்டப்படி பாதுகாப்பு இல்லாம செப்டிக் டேங்குக்குள்ள ஆளை இறக்குனா, முதல் தடவைக்கே ரெண்டு வருஷம் வரை ஜெயிலு, ரெண்டு லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும். செத்தவங்க குடும்பத்துக்கு 30 லட்சம் குடுக்கணும்னு 2023ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. சட்டத்தை விடுங்க. நம்ம வீட்டுக் கக்கூஸை நம்ம கையால தொடாம, ஆசிட்டால முடிச்சு, மிச்சத்தை இன்னொருத்தன் உசுருல முடிக்கிறோம். தள்ளி விட்டுக்கிட்டே போறோம், பொண்டாட்டிக்கு, அப்புறம் அவனுக்கு.

"காந்தி கக்கூஸ் கழுவுனாரு"ன்னு அக்டோபர் 2ம் தேதி பேசுறவங்க அவரோட சத்திய சோதனையை முழுசா படிக்கணும். 1898ல டர்பன்ல, வீட்டுல தங்குனவரோட மூத்திரச் சட்டியை எடுக்கச் சொல்லி கஸ்தூரிபாவைக் கட்டாயப்படுத்தி, அந்தம்மா அழுதுக்கிட்டே எடுத்தப்ப, முகம் கோணாம எடுக்கணும்னு கத்தி, கையைப் புடிச்சு வாசலுக்கு இழுத்துக்கிட்டுப் போனதையும் அவரே எழுதி வெச்சிருக்காரு, வெக்கப்பட்டு. அந்தப் பக்கத்தை யாரும் மேடையில சொல்றதில்ல.

முதல் ஞாயித்துக்கிழமை நான் பிரஷ்ஷைத் தூக்குனப்ப எங்கம்மா திண்ணையில இருந்து, "ஏன் கண்ணு, பொம்பள இருக்கிற வூட்டுல நீ எதுக்கு?"ன்னு கேட்டுச்சு. வீட்டுக்காரம்மாவே "யாராச்சும் பாத்தா என்னைத்தான் பேசுவாங்க, கதவைச் சாத்திக்குங்க"ன்னா. சாத்தலை. திறந்து வெச்சுத்தான் தேய்ச்சேன். பால்காரர் பாத்தாரு. சாயங்காலம் சொசைட்டியில நாலு பேர் சிரிச்சாங்க. சிரிச்சதுல ஒருத்தர் ரெண்டு நாள் கழிச்சு போன் பண்ணி, "அந்த எலுமிச்சை உப்பு எத்தனை கிராமுங்க?"ன்னு மெதுவா கேட்டாரு.

போன வாரம் ஆசிட் வண்டி எங்க வாசல்ல வந்து நின்னுச்சு. "அக்கா, கேன் காலியா?"ன்னான். வீட்டுக்காரம்மாவுக்கு இன்னும் மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது. உள்ளே இருந்தே சொன்னா, "எனக்கு வேண்டாந் தம்பி. கழுவுறது அவருதான், அவரைக் கேளு."