தடையைக் கழற்றியது யார்?

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக் கூட்டத்திற்குச் சென்றுகொண்டிருந்தேன். வழியிலே ஓர் ஏரிக்கரை. ஏரி என்று பெயர்தான். நீரைக் காணோம், சீமைக் கருவேலந்தான் கரை முட்ட நின்றது. உள்ளிருந்து கிளம்பிற்று காதைக் குடையும் ஓசை. வண்டியை நிறுத்தச் சொன்னேன். மேடைக்கு நேரமாகிறதே என்று தோழர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும் என்று இறங்கினேன்.

நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும் அந்த உழைப்பாளிக்கு. கையிலே மரம் அறுக்கும் மெஷின். இடுப்பிலே கைலி, காலிலே ரப்பர் செருப்பு. கண்ணுக்குக் கண்ணாடி இல்லை. காதுக்குப் பஞ்சுகூட இல்லை. இடக்கைச் சுண்டுவிரலில் பாதி இல்லை. மெஷினை உற்றுப் பார்த்தேன். முன் கைப்பிடிக்கு எதிரே இருக்க வேண்டிய தடைத் தகடும் இல்லை!

"அண்ணே, இங்கே ஒரு தகடு இருக்குமே?" என்றேன்.

"அது முள்ளுல மாட்டிக்கிட்டு மெஷின் நின்னு நின்னு போவுதுங்க. கழட்டிட்டேன். டன் கணக்குக் கூலிங்க. நின்னா எனக்குத்தானே நட்டம்?"

அந்தத் தகட்டின் வேலை என்ன தெரியுமா, தோழர்களே? வாளின் நுனி ஒரு கிளையில் இடித்தால், மெஷின் துள்ளி எழுந்து பிடித்திருப்பவன் முகத்தை நோக்கிப் பாயும். அந்த நொடியில் மணிக்கட்டு தகட்டில் படும். பட்டதும் சுழலும் சங்கிலி கண் இமைப்பதற்குள் நிற்கும். 1970களில் உலகத்து உற்பத்தியாளர்கள் ஒருவர் பின் ஒருவராக இந்தத் தடையைப் பொருத்தத் தொடங்கினார்கள். அதற்கு முன் எத்தனை முகங்கள் கிழிந்த பிறகு என்பதை எண்ணிப் பாருங்கள். அதைத்தான் ஓர் ஏழை, மூன்று திருகாணிகளைக் கழற்றுவதுபோலக் கழற்றி வைத்துவிட்டான்.

இன்னும் உண்டு. பட்டறையிலே புகைபோக்கியில் துளையிட்டு, பெட்ரோல் கலவையைத் திருத்தி வேகத்தைக் கூட்டுகிறார்கள். சங்கிலிப் பல்லுக்கு முன்னே இருக்கும் சின்ன மேட்டை அரத்தால் தேய்த்துத் தாழ்த்துகிறார்கள். கடி ஆழமாகிறது, உதையும் பலமாகிறது. புல்வெட்டும் மெஷினில் நைலான் நரம்பை எடுத்துவிட்டுத் தச்சுப் பட்டறை வட்டவாளைப் பூட்டுகிறார்கள். வாள் பெரிது, காப்பு மூடி இடிக்கிறது. மூடி போகிறது!

மாற்றுவதே குற்றம் என்று பேச வரவில்லை நான். கருவியைத் தன் கைக்கு ஏற்றபடி திருத்துவது உழைப்பாளியின் அறிவு. மாமல்லபுரத்துச் சிற்பி தன் உளியைத் தானே காய்ச்சி அடித்துக்கொள்கிறான். அமெரிக்க நாட்டு ஓரிகனில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி, அடிக்கட்டையைக் குடைந்த வண்டுப் புழுவின் வாயைக் கூர்ந்து நோக்கி, இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு புதுவகைச் சங்கிலியைச் செய்தான். இன்று உலகெங்கும் ஓடும் சங்கிலி அந்தப் புழு கற்றுக்கொடுத்ததே. கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். பட்டமில்லா அறிவை இகழ எனக்கு மனம் வராது.

மேல்நாட்டிலே இப்படித் திருத்திய மெஷின்களுக்குப் போட்டியே நடக்கிறது. சொந்தமாக முடுக்கிய வாளால் மூன்று வட்டத் துண்டுகளைச் சில நொடிகளில் அறுத்துத் தள்ளுகிறார்கள். காலுக்குக் காப்புடை, கண்ணுக்கும் காதுக்கும் காப்பு. இல்லையேல் களத்துக்குள் விடமாட்டார்கள். இங்கிலாந்திலே 1973 முதல் புல்வெட்டும் வண்டிகளை ஓட்டிப் பந்தயம் நடத்துகிறார்கள். வேடிக்கைதான்! ஆனால் பந்தயத்துக்கு முன் வெட்டும் தகட்டைக் கழற்றியாக வேண்டும் என்பது அங்கே விதி. அங்கே விளையாடுகிறவன் வாளைக் கழற்றிவிட்டுக் காப்போடு ஓடுகிறான். இங்கே வேலை செய்கிறவன் காப்பைக் கழற்றிவிட்டு வாளோடு நிற்கிறான்!

இங்கேயும் போட்டி உண்டு, ஒப்பந்தக்காரர்களுக்குள். குறைந்த தொகைக்கு ஏலம் எடுத்தவனுக்கு வெற்றி. அந்தக் குறைந்த தொகை எங்கிருந்து குறைகிறது? சுண்டுவிரலிலிருந்து!

வெள்ளையர் ஆட்சி 1870களில் தருவித்து விதைத்த மரம் இது. 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்ற ஆணையிட்டது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. நல்லது, வரவேற்போம். ஆனால் மெஷினால் அறுத்தால் கருவேலம் சாகாது. அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும். வேரோடு பெயர்த்தால்தான் அகலும். அறுத்த மரமோ விறகாகவும் கரியாகவும் விலைபோகிறது. ஆகவே ஏரியைத் துப்புரவு செய்கிறோம் என்ற பெயரில் நடப்பது பல இடங்களில் விறகு வணிகமே. அதற்கு எதற்கு இந்த அசுர வேகம்?

வேகத்தின் அடியிலே கடன் கிடக்கிறது. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரைக் கொத்தடிமைகளாக மீட்டார்கள், குழந்தைகளும் உள்பட. முன்பணத்துக்குப் பிணைக்கப்பட்ட இருளர்கள்! செங்கற்பட்டு தனி மாவட்டமானது அதே ஆண்டு நவம்பரில். அதுவரை இந்த மண்ணும் காஞ்சிபுரம் மாவட்டந்தான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் பிறந்ததோ 1976இல். 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்ட அட்டவணையில் பனையேறுவோரோடு மரம் வெட்டுவோரும் இடம்பெற்றிருந்தார்கள். ஏட்டிலே இருந்தார்கள், விரல் போன நாளில் வருகைப் பதிவேட்டில் இல்லை.

எதிரிகளை மட்டும் சாடிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. ஏலம் எடுப்போரில் நம்மவரும் இருக்கிறார்கள். மேடையிலே பாட்டாளிக்குக் கண்ணீர் வடித்துவிட்டு, மறுநாள் ஏரிக்கரையில் டன் கணக்குப் பார்க்கும் கரை வேட்டிகளை நானறிவேன். அவர்களும் இந்த ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கத்தைப் படிக்கட்டும்.

கிராம சபையிலே எழுந்து நின்று தோழர்கள் கேட்க வேண்டியது இதுதான்: ஏல நிபந்தனையில் தடையும் காப்பு மூடியும் உள்ள மெஷின் என்று எழுது. காப்புடையும் கண்ணாடியும் ஒப்பந்தக்காரன் செலவு என்று எழுது. கூலி நாள் கணக்கு என்று எழுது. எழுதாத ஏலத்துக்குத் தொகை வழங்காதே! ஊராட்சி மன்றத்தில் நம்மவர் தலைவராக இருந்தால், முதலில் அங்கே கேளுங்கள்.

கிளம்பும்போது அவரிடம் கேட்டேன், கழற்றிய தகடு எங்கே என்று.

"வூட்டுல கூரையில சொருவி வச்சிருக்கேங்க. மாட்ட அஞ்சு நிமிசம் போதும். நாள் கூலின்னு சொல்லச் சொல்லுங்க, நாளைக்கே மாட்டிக்கிறேன்."