திரையில் என்ன இருக்கும்மா?
வெளியூரிலிருந்து அம்மாவுக்குப் போனில் வழி சொல்லும்போது, "செட்டிங்ஸ் போ, அதை அழுத்து" என்று விரட்டுகிறோம். முதலில் கேட்க வேண்டியது, "இப்ப திரையில என்ன எழுதியிருக்கு, படிம்மா" என்பதுதான். அவர் எழுத்துக்கூட்டி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். 2023 முதல் வாட்ஸ்அப் வீடியோ அழைப்பிலேயே திரையைப் பகிரலாம், நல்ல வசதி. ஆனால் மோசடிக்காரனும் அதையேதான் கேட்கிறான், அதுவும் நம்மைவிடப் பொறுமையாக, மரியாதையாக. பிள்ளைகளைத் தவிர வேறு யாருக்கும் திரையைக் காட்டக் கூடாது, பணம் வந்து சேர யுபிஐ ரகசிய எண் தேவையே இல்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். அந்த எண்ணைக் காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதி வைக்கச் சொல்லுங்கள். திட்டுவோமோ என்று பயந்து அம்மா விஷயத்தை மறைத்தால், பணத்தை முடக்கி வைக்க வாய்ப்புள்ள அந்த முதல் சில மணி நேரம் வீணாகிவிடும்.